கப், ஆழாக்கு, பாவு: சமையல் அளவுகளைக் கிராமுக்கு மாற்றுவது எப்படி?

கேள்வி: பெங்களூருக்குக் குடிவந்திருக்கிறோம். கும்பகோணத்திலிருந்து மாமியார் எழுதி அனுப்பிய குறிப்புகள் எல்லாம் ஆழாக்கு, உழக்கு. பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த பிசிபேளா பாத் பொடிக் குறிப்பு பாவுக் கணக்கு. இணையத்தில் எடுத்தவை கப். இப்போது டிஜிட்டல் தராசு வாங்கியிருக்கிறேன். ஒரு கப் 250 கிராம் என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா?

பதில்: அப்படிச் செய்தால் பாதிக் குறிப்புகள் கெட்டுப்போகும். ஒரு கப் தண்ணீர்தான் ஏறக்குறைய 240 கிராம். அதே கப்பில் அரிசி 200 கிராம், ரவை 170, மைதா 125, சலித்த கடலை மாவு 100, துருவிய தேங்காய் 80, தூள் உப்பு 290. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே எண் கிடையாது. மாற்றுவதற்கு இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும்: அளந்த பாத்திரம் எத்தனை மி.லி. பிடிக்கிறது, அந்தப் பொருள் ஒரு மி.லி.க்கு எத்தனை கிராம் நிற்கிறது. இரண்டையும் பெருக்கினால் எடை.

முதலில் பாத்திரம். கப் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே கப் இல்லை. அமெரிக்கக் கப் 236.6 மி.லி., அதைத்தான் நடைமுறையில் 240 என்று எடுத்துக்கொள்கிறோம். ஆஸ்திரேலியக் கப் 250 மி.லி. அங்கே டேபிள்ஸ்பூனும் 20 மி.லி., மற்ற இடங்களில் 15. ஜப்பானியச் சமையல் கப் 200 மி.லி. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மி.லி.தான், அதில் தலை தட்டினால் அரிசி 150 கிராம். குக்கர் பாத்திரத்தின் உள்பக்கத்தில் போட்டிருக்கும் கோடுகளும் அந்த 180 மி.லி. கப்பை வைத்துப் போட்டவை. பேக்கிங் கப்பால் அரிசியை அளந்துவிட்டுக் கோடு வரை தண்ணீர் விட்டால் சாதம் விறைத்துப் போவதற்கு அதுதான் காரணம்.

ஆழாக்கு, படி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. இந்த உறவு மாறாது. ஆனால் படியே ஊருக்கு ஊர் மாறியது. சின்னப் படி, பெரிய படி, பட்டணம் படி என்று பேர் வந்ததே அதனால்தான். 1956-இல் எடை அளவுச் சட்டம் வந்து நாடு மெட்ரிக் முறைக்குப் போன பிறகும் வீட்டுச் சமையலறையில் பழைய பித்தளை ஆழாக்கு அப்படியே இருந்தது. கர்நாடகத்தின் சேரும் பாவும் இதே கதைதான்: சேரில் நாலில் ஒரு பங்கு பாவு, ஆனால் அந்தச் சேர் எவ்வளவு என்பது பாத்திரத்தைப் பொறுத்தது. ஆகவே எங்கேயோ அச்சிட்ட அட்டவணையில் ‘ஒரு ஆழாக்கு இத்தனை மி.லி.’ என்று பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். குறிப்பு எழுதியவர் கையில் இருந்த பாத்திரத்தைத்தான் அளக்க வேண்டும்.

பாத்திரம் உங்களிடமே இருந்தால் வேலை ஒரு நிமிடம். உலர்ந்த பாத்திரத்தைத் தராசில் வைத்து, டேர் பொத்தானை அழுத்திப் பூஜ்யம் ஆக்கி, விளிம்புக்குச் சமமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். காட்டும் கிராமே மி.லி. விளிம்புக்கு மேல் தண்ணீர் உப்பி நிற்கும், அதை விடக்கூடாது. தானியத்தைத் தலை தட்டும் மட்டத்தில்தான் தண்ணீரும் நிற்க வேண்டும்.

மாமியாரின் ஆழாக்கு கும்பகோணத்தில் இருப்பதால், அதில் தலை தட்டிய பச்சரிசியை ஒரு பையில் கொட்டி, மளிகைக் கடைத் தராசில் நிறுத்துச் சொல்லச் சொல்லுங்கள். பச்சரிசி ஒரு மி.லி.க்குச் சுமார் 0.83 கிராம் நிற்கும் என்பதால், வரும் எடையை 0.83-ஆல் வகுத்தால் மி.லி. வந்துவிடும். 170 கிராம் என்று சொன்னால் அந்த ஆழாக்கு சுமார் 205 மி.லி. அதை வைத்து மற்ற எல்லாவற்றையும் கணக்கிடலாம். அடைக்கு 2 ஆழாக்கு அரிசி, 1 ஆழாக்கு துவரம்பருப்பு, அரை ஆழாக்கு கடலைப்பருப்பு என்றால் முறையே 340, 170, 85 கிராம்.

அவரிடம் இன்னொன்றும் கேட்டுவிடுங்கள்: தலை தட்டி அளப்பாரா, குவித்து அளப்பாரா? சின்ன வித்தியாசம்போலத் தெரியும், ஆனால் வாய் 8 செ.மீ. அகலமுள்ள ஆழாக்கில் அரிசியைக் கோபுரமாகக் குவித்தால் 40 மி.லி.க்கு மேல் கூடுதலாக நிற்கும். ஐந்தில் ஒரு பங்கு! அரிசியையும் உளுந்தையும் அதே மாதிரி குவித்து அளந்தால் விகிதம் தப்பாது. தண்ணீரையோ பாலையோ குவிக்க முடியாது என்பதால், சர்க்கரைப் பொங்கல்போல ‘ஒரு ஆழாக்கு அரிசிக்கு இத்தனை ஆழாக்கு பால்’ என்று வரும் குறிப்புகளில்தான் இடிக்கும்.

இனிப் பொருள். முழுத் தானியங்களும் பருப்புகளும் நல்ல பிள்ளைகள். பச்சரிசி, புழுங்கலரிசி, சோனா மசூரி, உளுந்து, துவரை, கடலைப்பருப்பு, பாசிப்பருப்பு எல்லாமே ஒரு மி.லி.க்கு 0.8 முதல் 0.85 கிராமுக்குள் அடங்கும். காரணம், ஒவ்வொரு மணியும் தண்ணீரைவிடச் சுமார் 1.4 மடங்கு கனம். பாத்திரத்தில் கொட்டினால் மணிகளுக்கு நடுவே ஏறக்குறைய 40 சதவீதம் காற்று நிற்கும். 1.4-இல் 60 சதவீதம் 0.84. சர்க்கரையும் இதே பக்கம்தான், 240 மி.லி. கப்புக்கு 200 கிராம். இவற்றுக்கெல்லாம் 0.83 என்று ஒரே எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். தவறு வந்தாலும் மூன்று நாலு சதவீதம், நாக்குக்குத் தெரியாது.

மாவுதான் தொல்லை. மாவுத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் எவ்வளவு காற்றைப் பிடித்துக்கொள்ளும் என்பது அதை எப்படிக் கையாண்டோம் என்பதைப் பொறுத்தது. அதே மைதா, அதே 240 மி.லி. கப்: சலித்து மெல்லத் தூவி நிரப்பினால் 105 முதல் 110 கிராம். கரண்டியால் போட்டு கத்தியால் தலை தட்டினால் 120 முதல் 125. கப்பையே டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் 140 முதல் 150. அள்ளிவிட்டு மேடையில் இரண்டு தட்டு தட்டினால் இன்னும் ஏறும். ரொட்டிக்கு 3 கப் மைதா, 1 கப் தண்ணீர் என்ற குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் 120 கிராம் கணக்கில் மொத்தம் 360 கிராம் மாவு போட்டிருப்பார், அப்போது தண்ணீர் மாவின் எடையில் 67 சதவீதம். நீங்கள் அள்ளிப் போட்டு 435 கிராம் ஆனால் அதே தண்ணீர் 55 சதவீதம்தான். மாவு இறுகும், உப்பாது, ரொட்டி கல்லாகும். பலர் ஈஸ்ட் பழையது என்று அதன் மேல் பழி போடுவார்கள்.

ஆகவே அமெரிக்கக் குறிப்பை மாற்றும்போது, எழுதியவர் கப்பை எப்படி நிரப்பினார் என்று தேடிப் பாருங்கள். கிங் ஆர்தர் மாவு நிறுவனம் ஒரு கப் மைதாவை 120 கிராம் என்கிறது. 140-க்கு மேல் எடுத்துக்கொள்கிறவர்களும் அங்கே உண்டு. ஒன்றும் சொல்லாவிட்டால் 125-இல் தொடங்கி, பிசையும் பதம் பார்த்து 10 கிராம் 10 கிராமாகச் சேர்ப்பது நல்லது. சேர்த்த மாவை எடுக்க முடியாது.

கோதுமை மாவு, கடலை மாவு, அரிசி மாவு மூன்றுக்கும் இதே எச்சரிக்கை. மில்லில் அரைத்துச் சூடாக வந்த மாவு பொங்கிக்கொண்டிருக்கும். நாலு நாள் டப்பாவில் இருந்தால் படிந்து, அதே கப்பில் கூடுதலாக ஏறும். கடலை மாவு சலித்தால் கப்புக்கு 90 முதல் 100 கிராம், பாக்கெட்டிலிருந்து அப்படியே அள்ளினால் 120. கடைப் பாக்கெட் அரிசி மாவு 150 பக்கம் நிற்கும். வீட்டில் களைந்து உலர்த்தி அரைத்த மாவு அதைவிட லேசு. உங்கள் மாவுக்கு எது சரி என்று அறிய, வழக்கமாக எடுக்கும் விதத்திலேயே ஐந்து முறை ஒரு கப் எடுத்து நிறுத்துப் பாருங்கள். கூடுதலுக்கும் குறைவுக்கும் வித்தியாசம் 5 சதவீதத்துக்கு மேல் போனால், அந்த மாவைக் கப்பால் அளப்பதையே விட்டுவிடலாம்.

ஈர மாவு தனி. அரிசி ஊறி வடிந்தால் தன் எடையில் கால் பங்குக்கு மேல் தண்ணீரைக் குடித்திருக்கும். உளுந்து இரு மடங்குக்குப் பக்கம் போய்விடும். அதிரசக் குறிப்பில் ‘ஒரு ஆழாக்கு அரிசி, ஊறவைத்து இடித்தது’ என்று இருக்கிறதா, ‘ஒரு ஆழாக்கு ஈர மாவு’ என்று இருக்கிறதா என்று பார்த்துத்தான் வெல்லத்தின் எடையைத் தீர்மானிக்க வேண்டும். குறிப்பு எந்தக் கட்டத்தில் அளக்கச் சொல்கிறதோ அந்தக் கட்டத்திலேயே நிறுத்துக்கொள்ளுங்கள். இது தப்பினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும், அல்லது மறுநாள் பல்லை உடைக்கும்.

அடுத்தது விகிதம். இதில்தான் தராசு வாங்கியவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். ‘ஒன்றுக்கு இரண்டு’ என்று கப்பில் சொன்ன விகிதம் கிராமிலும் ஒன்றுக்கு இரண்டாக இருக்காது, இரண்டு பொருளும் ஒரே கனம் நின்றாலொழிய. அரிசிக்கும் உளுந்துக்கும் ஒரே கனம் என்பதால் இட்லிக்கு 4:1 என்பது ஆழாக்கிலும் சரி, கிராமிலும் சரி: 800 கிராம் இட்லி அரிசிக்கு 200 கிராம் உளுந்து. ஆனால் பெங்களூரில் நிறையப் பேர் செய்வதுபோல இட்லி ரவையில் போட்டால் கணக்கு வேறு. 2 கப் இட்லி ரவை சுமார் 340 கிராம், 1 கப் உளுந்து 200 கிராம், அதாவது எடையில் 1.7-க்கு 1. கிராமிலும் 2:1 என்று 400 கிராம் ரவை போட்டால் இட்லி நறநறவென்று, கொஞ்சம் கட்டியாக வரும்.

மைசூர்பாகில் இது பெரிய விபத்து. கடலை மாவு 1 கப், சர்க்கரை 2 கப், நெய் 2 கப் என்ற வழக்கமான அளவைத் தராசில் வைத்தால் மாவு 100 கிராம், சர்க்கரை 400, நெய் சுமார் 435. எடையில் ஏறக்குறைய 1:4:4.3. ‘ஒன்று, இரண்டு, இரண்டுதானே’ என்று 250 கிராம் மாவுக்கு 500 கிராம் சர்க்கரையும் 500 கிராம் நெய்யும் எடுத்தால், இருக்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு மாவு விழுந்திருக்கும். பொங்கி நுரைக்காது, செங்கல்லாக இறுகும். தெர்மாமீட்டர் வைத்துப் பாகு பதம் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்குச் சற்று அதிக உயரத்தில் இருப்பதால் தண்ணீர் இங்கே ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதிக்கும். புத்தகத்தில் போட்டிருக்கும் பாகுச் சூட்டில் 3 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாகு முற்றிவிடும்.

பொடிகளுக்கு வருவோம். பிசிபேளா பாத் பொடிக் குறிப்பைப் பாவிலிருந்து கிராமுக்கு மாற்றாமல் மில்லுக்குக் கொண்டுபோகாதீர்கள். தனியா உள்ளே வெற்றிடம் உள்ள விதை, ஒரு மி.லி.க்கு 0.35 கிராம்தான் நிற்கும். பாவு 240 மி.லி. என்று வைத்தால் 1 பாவு தனியா சுமார் 85 கிராம், அரைப் பாவு கடலைப்பருப்பு 100 கிராம். கண்ணுக்குத் தனியா இரண்டு பங்கு, பருப்பு ஒரு பங்கு. தராசில் பருப்புதான் அதிகம். கால் கிலோ தனியாவுக்கு 125 கிராம் பருப்பு என்று வாங்கிவந்தால் பொடி தனியா வாசனையாகவே அடிக்கும், குழம்பும் சேர்ந்து வராது. இருக்க வேண்டியது 250-க்குக் கிட்டத்தட்ட 295. காய்ந்த மிளகாயைக் கப்பில் அளப்பதில் அர்த்தமே இல்லை. சுருங்கிய நீளமான பியாட்கியும் நேரான குண்டூர் மிளகாயும் ஒரே பாத்திரத்தில் ஒரே மாதிரி அடங்காது. பக்கத்து வீட்டு அம்மா எண்ணிப் போடுவாரானால் அவர் போடும் ரகத்தில் 20 மிளகாயை நிறுத்துப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

சின்ன அளவுகள், 5 மி.லி. டீஸ்பூன் தலை தட்டினால்: சீரகம் 2 கிராம், மஞ்சள்தூள் 3, மிளகு 3-க்குக் கொஞ்சம் கம்மி, வெந்தயம் 4-க்குக் கொஞ்சம் கம்மி, சமையல் சோடா 5-க்குப் பக்கம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3. தூள் உப்பு 6 கிராம். கல் உப்பு குறைவாகத்தான் நிற்கும். எவ்வளவு குறைவு என்பது கல்லின் பருமனைப் பொறுத்தது. கல் உப்பு சொன்ன ஊறுகாய்க் குறிப்பில் அதே ஸ்பூன் கணக்கில் தூள் உப்பைப் போட்டால் கரிக்கும், திருப்பிச் செய்தால் பூஞ்சை பிடிக்கும். உப்பை மட்டுமாவது எப்போதும் நிறுத்துப் போடுங்கள் என்பது என் அழுத்தமான யோசனை. அரைத்த இட்லி மாவின் எடையில் 1 சதவீதம், அதாவது கிலோவுக்கு 10 கிராம், பெரும்பாலான நாக்குக்குப் பொருந்தும். கல்லோ தூளோ, எடை ஒன்றே.

திரவங்களில் பால் மி.லி.க்கு 1.03 கிராம், தயிரும் அதை ஒட்டியே. தேன் 1.4. எண்ணெய்க்கு அட்டவணையே வேண்டாம், பாக்கெட்டிலேயே 1 லிட்டர், 910 கிராம் என்று அச்சிட்டிருக்கும். நெய் ஜாடியில் 905. எண்ணெய் சூட்டில் விரியும்: 21 டிகிரியில் லிட்டருக்கு 919 கிராம் நிற்கும் சோயா எண்ணெய் 60 டிகிரியில் சுமார் 893 கிராம்தான். சில நிறுவனங்கள் சூடான எண்ணெயின் கணக்கை அச்சிட்டு எடையைக் குறைத்து விற்றதால்தான், வெப்பநிலையைக் குறிக்காமல் அளவையும் எடையையும் போட வேண்டும் என்று மத்திய அரசு 2023 ஜனவரி வரை கெடு வைத்தது. டிசம்பர் காலையில் உறைந்த நெய்யைக் கப்பால் அள்ளினால் நடுவில் பொந்து விழும்; நிறுத்து எடுத்தால் உறைந்ததும் உருகியதும் ஒன்றுதான்.

தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பிரிக்காத 500 மி.லி. பால் பாக்கெட்டை வையுங்கள். 515 கிராமும் கவரின் இரண்டு மூன்று கிராமும் காட்ட வேண்டும். கவரில் போட்டிருக்கும் அளவைப் படித்துக்கொள்ளுங்கள். நந்தினி பாக்கெட்டிலேயே சில காலம் 50 மி.லி. சேர்த்து வந்தது. சின்ன எடைக்கு 10 ரூபாய்க் காசு உதவும், ஒன்று 7.7 கிராம், பத்து வைத்தால் 77. தராசைக் கல் மேடையில் நேரடியாக வையுங்கள், துணி மேல் வேண்டாம். மின்விசிறிக்குக் கீழேயும் வேண்டாம். ‘மி.லி.’ என்ற பொத்தான் பல தராசில் இருக்கிறது. அது தண்ணீருக்கான கணக்கு. எண்ணெயை வைத்து அது 100 மி.லி. காட்டினால் உண்மையில் 110 மி.லி. விழுந்திருக்கிறது.

ஒரு கிராம் துல்லியமுள்ள தராசு 2 கிராம் சீரகத்தைச் சரியாகச் சொல்லாது. பத்து ஸ்பூன் போட்டு நிறுத்து, பத்தால் வகுங்கள். இன்னொரு வழக்கமான கோளாறு: சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் தராசு அதைத் தன் சொந்த அசைவு என்று நினைத்துப் பூஜ்யத்திலேயே நிற்கும். உப்பு டப்பாவையே தராசில் வைத்து டேர் அழுத்திவிட்டு அதிலிருந்து எடுங்கள். திரையில் கழித்தல் குறியோடு எடுத்த எடை தெரியும். வெல்லம், புளி, தேன்போல ஒட்டுகிற பொருளுக்கும் இதுவே நல்ல வழி.

வெல்லத்துக்கு நான் கப் எண் தரப்போவதில்லை. பொடித்த விதம், ஈரம், ரகம் எல்லாம் சேர்ந்து கப்புக்கு 150 முதல் 200 கிராம் வரை ஓடும். மண்டியா வெல்லத்தைப் புதிதாக வாங்கி உடைத்தால் ஒரு எடை, காய்ந்த பிறகு வேறு எடை. மாமியார் ‘முக்கால் ஆழாக்கு வெல்லம்’ என்று எழுதியிருந்தால், அவர் வழக்கமாகப் போடும் அளவை ஒரு முறை மளிகைக் கடைத் தராசில் நிறுத்துச் சொல்லச் சொல்வதே ஒழுங்கு. எலுமிச்சை அளவு புளியும் அப்படித்தான். பொதுவாக 25 முதல் 30 கிராம், நெல்லிக்காய் அளவு அதில் பாதி. கொத்தமல்லி, கறிவேப்பிலை, பெருங்காயம் இவற்றை மாற்றவே வேண்டாம், கை அளவு போதும். உப்புமாவுக்கும் சாதத்துக்கும் விடும் தண்ணீரையும் அதே பாத்திரத்திலேயே அளந்து ஊற்றலாம். அங்கே கிராம் போட்டால் 1 கப் ரவைக்கு 2.5 கப் தண்ணீர் என்பது 170-க்கு 600, அதாவது 1-க்கு 3.5 என்று மாறும். பழைய விகிதம் மனத்தில் இருப்பவர்கள் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள்.